கச்சான் காற்றின் கணக்கு

தமிழ் மொழிமூலத்தில் உயர்தரத்துக்குப் புவியியல் எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் பெரும்பாலோருக்கு என்னைத் தெரிந்திருக்காது. கொட்டாஞ்சேனையிலும் பிறகு வெள்ளவத்தையிலுமாக இருபத்தொன்பது வருஷம் புவியியல் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவள். இப்போது பொரளையில் இருக்கிறேன். ஒரு மணித்தியாலம் அடித்துப் பெய்தால் வாசற்படி வரை தண்ணீர் வந்து எட்டிப் பார்க்கும் ஒழுங்கை ஒன்றில். இந்த மடலை எழுத வைத்தது ஒரு கச்சான் சரை.

போன கிழமை எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒன்று பழைய வினாத்தாள் வாங்க வந்தது. உயர்தரம் முதலாம் வருஷம். புவியியலை விட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாறப் போகிறாளாம். ரியூசன் சேர் சொன்னாராம், புவியியல் படித்தால் கடைசியில் ரீச்சராகத்தான் வரலாம் என்று. சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. "சொறி ரீச்சர்" என்று நாக்கைக் கடித்தாள். நான் கோபிக்கவில்லை. "கச்சான் என்றால் என்ன?" என்று கேட்டேன். கையிலிருந்த சரையை என் பக்கம் நீட்டினாள்.

இரண்டு கடலை எடுத்துக்கொண்டேன். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன், கொஞ்சம் கூடுதலாக.

நான் மட்டக்களப்புக்காரி. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் மேற்கிலிருந்து கச்சான் என்ற காற்று இறங்கும். வெயிலைவிடக் காற்றுத்தான் சுடும். உதடு வெடிக்கும். மாவைப் பிசைந்து வைத்துவிட்டுத் திரும்பினால் மேலே தோல் பிடித்திருக்கும். அம்மா சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டுவா. அரை மணித்தியாலத்தில் அது மொறுமொறுவென்று காய்ந்துவிடும். கிடுகுக் கூரைகள் நிறைந்த காலம் அது. அடுப்பு அணைத்தாயிற்றா என்று வேலிக்கு மேலால் அயலவர் கேட்டுக்கொள்வார்கள். ஒரு பொறி போதும், ஒரு தெருவே போய்விடும். பின்னேரம் கடற்காற்று வந்து ஆற்றும் என்று காத்திருப்போம். கச்சான் அதைக் கரைக்கு ஏறவிடாது. "கச்சான் தொடங்கிற்று" என்று சொன்னால் அதற்குள் இவ்வளவும் அடக்கம்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? பாடத்தில் படித்திருப்பீர்கள், ஆனால் கணக்காகப் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பேச்சுக்கு, தென்மேல் பருவக்காற்று இரத்தினபுரிப் பக்கம் 28 பாகை வெப்பத்தோடு வருகிறது என்று வையுங்கள். மலையில் ஏறத் தொடங்குகிறது. முதல் 500 மீற்றருக்கு முகில் இல்லை. கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் குளிர்ந்து 23 ஆகிறது. அதற்கு மேல் முகில். நீராவி ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிவருவதால் குளிர்ச்சி மந்தமாகிறது, கிலோமீற்றருக்கு 6 பாகை அளவில். இன்னும் 1500 மீற்றர் ஏறி உச்சிக்குப் போகும்போது 14 பாகை. அங்கே மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு கிழக்குப் பக்கம் சரிகிறது. இப்போது முகில் இல்லை, ஒடுங்கும் ஆவி இல்லை. இறங்கும் 2000 மீற்றருக்கும் கிலோமீற்றருக்குப் பத்துப் பத்தாகச் சூடேறுகிறது. கீழே வரும்போது 34. ஏறும்போது 28, இறங்கிய பிறகு 34. மேலதிக ஆறு பாகையும் இரத்தினபுரியில் பெய்த மழையின் வெப்பம். அங்கே குடையை நனைத்த அதே காற்றுத்தான் எங்கள் கிடுகைத் தீக்குச்சியாகக் காய வைத்தது.

இதை உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் பேராதனையில் புவியியல் படிப்பித்த ஜோர்ஜ் தம்பையாபிள்ளை. 1958-இல் பிரித்தானிய அரச வளிமண்டலவியல் சங்கத்தின் 'வெதர்' சஞ்சிகையில் கச்சானை இலங்கையின் ஃபோன் காற்று என்று நிறுவிக் கட்டுரை எழுதினார். (ஃபோன் என்றதும் வகுப்பில் யாராவது காதில் கையை வைத்து "ஹலோ" என்பார்கள். இருபத்தொன்பது வருஷமும் சொன்னார்கள். அது அல்ப்ஸ் மலையின் காற்று.) அவர் அதற்குப் புதுப்பேர் சூட்டவில்லை. எங்கள் மீன்காரரும் கமக்காரரும் சொன்ன சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். இன்றைக்கு அமெரிக்க வளிமண்டலவியல் சங்கத்தின் கலைச்சொற்றொகுதியில் போய்ப் பாருங்கள், 'கச்சான்' என்று தனிப் பதிவே இருக்கிறது, மட்டக்களப்பின் பேரோடு. என் அம்மா நனைந்த சாக்கோடு அந்தப் பக்கத்துக்குள் நிற்பது போல எனக்குத் தோன்றும்.

வாடை, சோளகம், கொண்டல், கச்சான். நான்கு திசைக்கும் சொல் வைத்திருந்த சனம் நாங்கள். செங்கை ஆழியானை நாவலாசிரியராகத்தான் பலருக்குத் தெரியும், க. குணராசா என்ற சொந்தப் பேரில் தமிழில் புவியியல் பாடநூல்கள் எழுதிய மனிதர் அவர். தன் நாவலுக்கு 'வாடைக்காற்று' என்று அவர் பேர் வைத்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

தம்பையாபிள்ளையின் இன்னொரு கட்டுரை 1954-இல் வந்தது, இலங்கை மழைவீழ்ச்சியின் லயம் பற்றி. மழைக்கு லயம் என்ற சொல்லைப் போட்டதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். மழை எந்த மாதம் எந்தப் பக்கம் ஏன் பெய்கிறது என்று பார்த்து ஆண்டை ஐந்து பருவங்களாக வகுத்தார். இப்போது வளிமண்டலவியல் திணைக்களமும் பாடநூலும் நான்காகச் சொல்கின்றன: இரண்டு பருவப்பெயர்ச்சி, இரண்டு இடைப்பருவம். ஐந்தா நான்கா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அதை வகுக்க அவருக்கு எது வேண்டியிருந்தது என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. செய்மதி இல்லை, கணினி இல்லை. வேண்டியிருந்தவை மழைப் புத்தகங்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து ஆஸ்பத்திரியிலும் குளக்கட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் யாரோ ஒருவர் தினமும் எழுதி வைத்த எண்கள்.

அந்த யாரோ ஒருவரில் ஒருவர் என் பெரியப்பா. பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார். பாடசாலை விடுமுறைக்கு அங்கே போவோம். கந்தோருக்கு முன்னால் வேலி போட்ட சின்னச் சதுரத்தில் மழைமானி நிற்கும். செம்புப் புனல், உள்ளே போத்தல். காலை எட்டரைக்குப் பெரியப்பா சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போவார். தண்ணீரைக் கண்ணாடி அளவுகுழாயில் ஊற்றி, தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, நீர்மட்டம் கண்ணுக்கு நேராக வரும்வரை குனிந்து பார்ப்பார். பிறகு கந்தோருக்குள் வந்து பெரிய புத்தகத்தில் எழுதுவார், அங்குலத்தில், இரண்டு தசமம் வரை. மழை இல்லாத நாளிலும் போவார். இல்லை என்று எழுதுவதும் எழுத்துத்தானே என்பார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு மாசி மாதம், வானம் வெளுத்துக் கிடந்த நாளில், வேலிக்குள் புகுந்து ஒரு கோப்பைத் தண்ணீரை மழைமானிக்குள் ஊற்றிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், எட்டு வயதுக்குக் காரணம் தேவையில்லை. மறுநாள் பெரியப்பா குழாயைத் தூக்கிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்ப் புத்தகத்தை விரித்தார். மழை என்ற இடத்தில் பூச்சியம். அதற்கு நேரே 'குறிப்பு' என்ற கடைசி நிரலில் சிவப்பு மையால் ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல்: 'பிள்ளை'.

பட்டப்படிப்பில் தரவுத் தரக்கட்டுப்பாடு என்று ஒரு பாடம் வந்தபோது எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். எனக்கு அந்தச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. அவர் அன்று வெட்கப்பட்டு அந்தத் தண்ணீரை மழை என்று எழுதியிருந்தால், நாற்பது வருஷம் கழித்து எங்கோ ஒரு ஆய்வாளர் மாசி மாதத்தில் பெய்யாத ஒரு மழைக்கு விளக்கம் தேடியிருப்பார்.

ஒரு நூற்றாண்டு மழைப் புத்தகத்தை விரித்து வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டவர் ஆர். சுப்பையா. 1984-இல் ஜப்பானியக் காலநிலையியலாளர் மசதோஷி யோஷினோவுடன் சேர்ந்து இலங்கை மழைவீழ்ச்சியின் மாறுபாடுகள் பற்றி எழுதினார். பிறகு பசுபிக் சமுத்திரத்தின் தென் அலைவுக்கும் எங்கள் மழைக்கும் உள்ள தொடர்பை வரிசையாகக் கட்டுரைகளில் பிரித்துக் காட்டினார். பேருவுக்கு அப்பால் கடல் சூடானால் கிளிநொச்சிக் குளம் நிரம்புமா? சிரிக்க வேண்டாம், ஓரளவுக்கு ஆம். அப்படிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழை கூடும் போக்கு இருக்கிறது. தை, மாசியில் குறையும். அதே எல் நினோ ஒரு பருவத்தில் வாரிக் கொடுத்து அடுத்ததில் பிடுங்கும். லரீஃப் சுபைர் 2002-இல் இதை நெல்லோடு வைத்துப் பார்த்தார்: எல் நினோ வருஷத்தில் பெரும்போக விளைச்சல் கூடவும் சிறுபோகம் விழவும் வாய்ப்பு அதிகம். எங்கள் கமக்காரருக்கு மூன்று நான்கு மாதம் முந்தியே சொல்லக்கூடிய விஷயம் இது. விதைநெல் எவ்வளவு எடுத்து வைப்பது, வங்கியில் கடன் எப்போது கேட்பது என்பதெல்லாம் இதில் தொங்குகிறது.

சுப்பையா பிற்பாடு அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் வேலை செய்தார். கெவின் ஹெனஸியோடு சேர்ந்து 1910-இலிருந்து அந்த நாட்டில் கனமழை நாட்கள் கூடினவா குறைந்தனவா என்று எண்ணியிருக்கிறார். எங்கள் மழையில் தீட்டிய கத்தி அங்கே பயன்பட்டது. நல்லது. ஆனாலும் எனக்கு ஒரு குறை. பொரளையில் இருப்பவளுக்குக் கனத்தை மயானச் சுற்றுவட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் 1983 இனக்கலவரத்தின் ஞாபகம் வராமல் போகாது. அதற்குப் பிறகு எத்தனை படித்த தலைகள் எந்தெந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதை யாரும் புத்தகத்தில் எழுதவில்லை.

மழைக் கணக்கு வைத்தியசாலை வரைக்கும் போகும். 1934-இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் ஈரவலயத்தின் ஓரத்தில், கேகாலை, குருநாகல் பக்கம், குட்டை குட்டையாக நின்றுவிட்டன. மலேரியா நுளம்பு முட்டையிடத் தேடும் இடம் அதுதான், வெயில் படும் தெளிந்த தேங்கு நீர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். மழை அதிகமானால் நுளம்பு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அன்று கொன்றது மழை இல்லாமை. இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. மறு வருஷமே டெங்கு 1,86,000 பேருக்கு மேல் பிடித்தது. எங்கள் ஒழுங்கையில் அந்த வருஷம் டெங்கு வராத வீடுகளைச் சொன்னால் ஒரு கை விரல் போதும். மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பொரளையில், வளிமண்டலவியல் திணைக்களம் பௌத்தாலோக மாவத்தையில், நடுவே கனத்தை. நடந்தே போய்விடலாம். மழையைப் படித்தவரும் நுளம்பைப் படித்தவரும் ஒரே மேசையில் இருந்து பேசும் வேலைக்கு ஆள் தேவை. அந்த ஆள் புவியியல் படித்தவராக இருந்தால் என்ன?

இப்போது 1978 மட்டக்களப்புச் சூறாவளிக்கு வருகிறேன். நவம்பர் 23, வியாழக்கிழமை. எனக்குப் பதினாறு வயது. பின்னேரம் வானொலி சொன்னது, அப்பா கூரையைக் கயிற்றால் இழுத்துத் தூணில் கட்டினார். இரவு கயிறும் போயிற்று, தூணும் போயிற்று. கதவை நெஞ்சால் தாங்கிக்கொண்டு நின்றோம். சத்தம் காற்றின் சத்தம் போலவே இருக்கவில்லை, பாலத்துக்குக் கீழே நிற்கும்போது மேலே ரயில் போய்க்கொண்டே இருப்பது போல. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் தலை இல்லாமல் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தன. எங்கள் தெருவிலிருந்து வாவி தெரிந்தது. அதுவரைக்கும் தெரிந்ததில்லை, நடுவே மரங்கள் இருந்தன. கிழக்கில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அன்றிலிருந்து சூறாவளி என்றால் எனக்குக் காற்று. வகுப்பிலும் அப்படித்தான் படிப்பித்தேன்: கண், கண்சுவர், காற்றின் வேகம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தது. காற்றைப் பார்த்தால் 1978-க்குக் கிட்டவும் வராது. மெல்ல நகர்ந்து தீவின் மேலாலேயே போயிற்று. போகிற போக்கில் மழையைக் கொட்டியது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் பெயர்ந்தன. களனி ஏறி வெல்லம்பிட்டி, கொலன்னாவை எல்லாம் தண்ணீருக்குள். 600-க்கும் மேற்பட்ட உயிர்கள். நான் படிப்பித்த சூறாவளி அரைச் சூறாவளி என்பது அன்றுதான் புரிந்தது.

இது காலநிலை மாற்றமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். வளி ஒரு பாகை சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அது பௌதிகம், அதில் பேரம் இல்லை. ஒரு குறிப்பிட்ட மழையில் மனிதரின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவது வேறு. ஃபிரெடெரிக்க ஒட்டோவும் காலமான டச்சு விஞ்ஞானி கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க்கும் தொடங்கிய குழு அதைச் சில கிழமைகளுக்குள் செய்கிறது. எப்படி என்று உங்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம், ஏனென்றால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி தெரியாத பிள்ளை இந்த நாட்டில் இல்லை. ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரியும் இரண்டே புள்ளி கூடுகிறது என்று வையுங்கள். நடுவில் இருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பழைய வெட்டுப்புள்ளிக்கு மேலே தாண்டுகிறவர்களின் தொகை எகிறிவிடும். மழையும் அப்படித்தான். சராசரி கொஞ்சம் நகர்ந்தால் ஓரத்தில் இருக்கும் பேய்மழை பல மடங்கு அடிக்கடி வரும். (மழையின் பரம்பல் மணிவளையிக்குள் அடங்காது என்று கணிதம் படித்தவர்கள் குறுக்கே வருவார்கள். வரட்டும், யோசனை இதுதான்.) பழைய வெட்டுப்புள்ளி என்ன என்று தெரிய வேண்டுமானால் பழைய விடைத்தாள்கள் வேண்டும். பெரியப்பாவின் புத்தகம் வேண்டும்.

கொழும்பிலேயே பாருங்கள். 1992 ஜூனில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. கொழும்பின் ஆண்டு மழை 2400 அளவில். அதில் ஐந்தில் ஒன்று ஒரு நாளில். 2010 நவம்பரில் மறுபடியும் 400-ஐத் தாண்டியது, பாராளுமன்ற வளவுக்குள்ளும் தண்ணீர். இரண்டும் எழுதி வைக்கப்பட்டதால் தெரியும். எழுதி வைக்காத ஊர்களில் பெய்ததை யார் ஒப்பிடுவது? போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் விடுபட்ட பக்கங்கள் அப்படியே வெறுமையாக இருக்கின்றன.

கணக்கு இருந்தும் பயன்படாமல் போன கதையும் உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கித் தோட்ட லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்ப வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எழுதியிருந்தது. விஞ்ஞானம் ஒன்பது வருஷம் முந்தி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கோப்பிலிருந்து லயத்துக்குப் போகிற பாதைதான் இல்லை.

அதே நிறுவனம் மலைக் கிராமங்களுக்குச் சாதாரண பிளாஸ்ரிக் மழைமானிகள் கொடுத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் வந்தால் கவனம், 100 வந்தால் ஆயத்தம், 150 வந்தால் வெளியேறு. நிறம் பூசிய கோடு, வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். பெரியப்பாவின் செம்புப் புனலை எடுத்து லயத்து வாசலில் வைத்த மாதிரி. இதைவிடப் புத்திசாலித்தனமான கருவி ஒன்றை நான் அண்மையில் பார்க்கவில்லை.

டித்வா இரவில் நுவரெலியாவிலிருந்து என் தங்கச்சியின் மகள் கைபேசியில் ஓர் அறிவித்தலை அனுப்பிக் கேட்டாள்: "பெரியம்மா, இது தமிழில் எப்ப வரும்?" சிங்களத்தில் வந்து பல மணித்தியாலம் ஆகியும் தமிழ் வரவில்லை. எந்தக் கந்தோர் என்பதை விடுவோம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், "தாழமுக்கம் சூறாவளியாக வலுவடைந்துள்ளது" என்று. அவள் அதை லயத்தில் இருந்த கிழவிக்குச் சொல்ல, கிழவி கேட்டது எனக்குக் கேட்டது: "தாழமுக்கம்னா என்னாங்க?" ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியைக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. "மலை சரியப் போகுது, கோயிலுக்குப் போங்கள்" என்று சொல்லச் சொன்னேன். போனார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா வடகீழ் பருவம் தொடங்கினால் தமிழில் எழுதத் தொடங்குவார்: எங்கே தாழமுக்கம், எந்தத் திகதி, எந்த மாவட்டம், எந்தக் குளம். வன்னியில் வயல் விதைக்கிறவர்கள் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நாள் பார்க்கிறார்கள் என்று எனக்கே பலர் சொல்லியிருக்கிறார்கள். பிழைக்கும் நாளும் உண்டு; பிழைத்தால் திட்டும் தமிழில்தான் வரும். தம்பையாபிள்ளை சனத்தின் சொல்லை விஞ்ஞானத்துக்குள் கொண்டுபோனார். இவர் எதிர்த் திசையில் சுமக்கிறார். இந்தப் பக்கத்துக்கு ஆட்கள் மிகக் குறைவு.

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திணைக்களத்தில் வானிலை முன்னறிவிப்பாளர் பதவிக்குப் பெரும்பாலும் பௌதிகமும் கணிதமும் படித்தவர்களைத்தான் எடுப்பார்கள். கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் ஒடுக்கம். பல்கலைக்கழக ஆய்வு, மண்சரிவு வரைபடம், புவியியல் தகவல் முறைமை, அனர்த்த முகாமைத்துவம் இவையெல்லாம் திறந்திருக்கின்றன, ஆனால் புள்ளிவிபரவியலுக்குப் பயந்தால் எதற்குள்ளும் போக முடியாது. கணிதத்துக்குப் பயந்துதானே புவியியலுக்கு வந்தேன் என்று ஒருத்தி என்னிடம் அழுதிருக்கிறாள். அழுதுகொண்டே படித்தாள். இன்று வரைபடம் போடுகிறாள்.

பிறகு, நன்றி கிடைக்காது. மழை வரும் என்று சொல்லி வந்தால் யாரும் நினைக்க மாட்டார்கள். வராவிட்டால் கலியாண வீடு முழுக்கப் பேசும். கருவியும் எப்போதும் கைக்கு வராது. டொப்ளர் ராடார் ஒன்று கொங்கலை மலைக்கு ஏற்றும் வழியில் சேதமடைந்து பொருத்தப்படாமலே போனதை நீங்கள் பத்திரிகையில் படித்திருக்க மாட்டீர்கள், அப்போது உங்களுக்குப் பால்பல். இருபது வருஷத் தரவைத் துப்புரவாக்கி ஒரு வரைபடம் வரும். அந்த வரைபடத்தை ஒரு அதிகாரி கோப்பில் வைப்பார். அடுத்த மழை வரை அது அங்கேயே இருக்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் வாருங்கள்.

வர நினைப்பவர்கள் இப்போதே ஒன்று செய்யலாம். பொரளையிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் போகும் 154 பஸ் பௌத்தாலோக மாவத்தை வழியாகத்தான் போகிறது. திணைக்களத்தின் வாசலைத் தினமும் கடக்கிற பிள்ளைகள் உங்களில் இருக்கிறார்கள். பாடசாலை மூலம் கடிதம் கொடுத்து ஒரு நாள் உள்ளே போய்ப் பார்க்கக் கேளுங்கள். அல்லது வீட்டிலேயே தொடங்குங்கள். நேர்ச்சுவருள்ள ஜாம் போத்தல் ஒன்று, அடிமட்டம் ஒன்று, கொப்பி ஒன்று. மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி வையுங்கள். எட்டரைக்குப் பாருங்கள், ஒன்பதுக்கல்ல.

என்னுடையது மொட்டை மாடியில் இருக்கிறது, மூன்று வருஷமாக. கச்சான் சரையோடு வந்த பிள்ளை இன்று காலை மறுபடியும் வந்தாள், வினாத்தாளைத் திருப்பித் தர என்றாள். இரவு முழுக்கப் பெய்திருந்தது. மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நின்றபடியே பார்த்து "நாற்பத்தொன்று" என்றாள். குனியச் சொன்னேன். முழங்காலை ஊன்றிக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "முப்பத்தெட்டு, ரீச்சர்." கொப்பியை நீட்டினேன். திகதி, நேரம், 38 என்று எழுதினாள். கடைசி நிரலைக் காட்டி இது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். திரும்பவும் போத்தலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குறிப்பில் எழுதினாள்: 'எறும்பு இரண்டு.'

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
பொரளை